பொருளியல் முதலாண்டில் 'கல்வித் திறன்' தனித் தாளாக இருக்க வேண்டுமா?

கோடும்புள்ளியும்:
பொருளியல் இளங்கலை முதலாண்டில் பல இடங்களில் மூன்று தாள்கள் ஒன்றாக வருகின்றன. பொருளியல் அறிமுகம், புள்ளியியல், அப்புறம் கல்வித் திறன். மூன்றாவதைத் தனித் தாளாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டுரையை எப்படிக் கட்டுவது, மேற்கோள் எப்படிக் காட்டுவது, ஆய்வுக் கட்டுரையை எப்படித் தேடுவது என்று ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் எதைப் பற்றி எழுதுவது என்பது மட்டும் மாணவர் கையில் இல்லை. அதே நேரத்தைப் புள்ளியியல் தாளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம் விளக்கம் எழுதச் சொன்னால் இரண்டும் சேர்ந்தே வரும்.

நூலகவாசி:
முதலாண்டு அசைன்மென்ட் திருத்துகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், இது நடக்காது. கணக்கைச் சரியாகவே போடுகிறார்கள். ஓராண்டு கூடுதலாகப் படித்தவருக்குச் சராசரியாக இவ்வளவு சம்பளம் கூடுதல் என்று தரவுப் புள்ளிகளின் ஊடே வரைந்த கோட்டின் சரிவைப் பிழையில்லாமல் எடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே 'எனவே படிப்புதான் சம்பளத்தை உயர்த்துகிறது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். குடும்ப வசதி, ஊர், இயல்பான திறமை எதுவும் பேச்சிலேயே இல்லை. வாதத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாததுதான் குறை, அதைக் கற்றுத்தரத் தனியாக நேரம் வேண்டும்.

கோடும்புள்ளியும்:
நீங்கள் சொன்னது முழுக்கப் புள்ளியியல் பிழை! ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்தே மாறுவது) வேறு, காரணம் வேறு என்பதை மேற்கோள் விதிகளோடு சேர்த்து வேறொரு வகுப்பில் ஏன் படிக்க வேண்டும்?

2010இல் பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் கடன் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அந்த எண்ணை எத்தனை மேடைகளில் சொன்னார்கள்! 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. எக்செல் சூத்திரத்தில் ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை அகர வரிசையில் முதல் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. மற்ற குறைகளையும் திருத்தியபோது அந்தச் சராசரி 2.2 சதவீதம் ஆனது. இது ஒரு பொருளாதார அளவையியல் (பொருளியல் தரவுக்கான புள்ளியியல்) வகுப்பின் அசைன்மென்ட்.

நூலகவாசி:
எல்லாரும் அந்த எக்செல் கதையையே சொல்கிறார்கள். விடை மாறியதற்கு அது சின்னக் காரணம்தான். சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதும், சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் எடை போட்ட விதமும்தான் பெரியவை. நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் சம எடை கொடுத்திருந்தார்கள். சராசரியை எப்படி எடுத்தார்கள் என்று கட்டுரையையும் எக்செல் தாளையும் வரி வரியாகப் படித்து, கட்டுரை ஆசிரியர்களிடமே கேட்டு அந்த மூலத் தாளை வாங்கி, கண்டதை அடுத்தவர் மறுக்க முடியாதபடி எழுதினால்தான் இது வெளியே வரும். நான் கேட்கிற திறன் இதுதான். அதோடு ஹெர்ண்டன் முதுநிலையைத் தாண்டிய ஆய்வு மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேற்று வந்தவர் இல்லை.

மூன்றாமாண்டு:
நான் மாணவி. இருவருமே பாடத்தின் பெயருக்காக அடித்துக்கொள்கிறீர்கள், எனக்குச் சிக்கல் நேரத்தில்தான் இருந்தது. கட்டுரை தேடச் சொல்லிக்கொடுத்தது முதல் செமஸ்டரில், தேட வேண்டிய அவசியம் வந்தது மூன்றாம் ஆண்டு புராஜெக்டில். அதற்குள் எல்லாம் மறந்துபோச்சு. புள்ளியியல் வகுப்பில் ஒருமுறை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 சேர்க்கை அட்டவணையைக் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. துறை துறையாகப் பிரித்தால் பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வைக் காணோம், ஏனென்றால் இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். இதை ஒரு பக்கத்தில் விளக்கச் சொன்னார்கள். எந்த எண்ணை முதலில் சொல்வது என்று யோசித்தே ஒரு மாலை போனது. எழுதக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

கோடும்புள்ளியும்:
இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நூலகவாசி:
அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி, எங்கே குழப்பம் என்று எழுதித் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? 200 பேர் இருக்கிற புள்ளியியல் வகுப்பில் ஆசிரியர் சரியான விடையைத் தேர்ந்தெடு வகைக் கேள்விக்குத்தான் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பாடத்திட்டம் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது எழுத்துப் பயிற்சி. தனித் தாள் என்றால் அதற்கென்று ஓர் ஆசிரியராவது இருப்பார். வேண்டுமானால் இரண்டு தாளுக்கும் ஒரே அட்டவணையை, ஒரே வாரத்தில் கொடுக்கட்டும். அதற்கு நான் சம்மதம்.

கோடும்புள்ளியும்:
ஒரே வாரம், ஒரே அட்டவணை என்றால் சரி. ஆனால் எழுத்துக்கான மதிப்பெண் புள்ளியியல் தாளில்தான் சேர வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் அதைப் பாஸானால் போதும் என்று ஒதுக்கிவிடுவார்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.