காது ஆபரேஷனில் முகநரம்பு: நீங்கள் பார்த்தது என்ன?

காது மூக்கு தொண்டை சர்ஜன், மதுரை:

மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு) ஆபரேஷன் முடித்துவிட்டு "ஃபேஷியல் நர்வ் பக்கமே போகல சார்" என்று பிஜி (மேற்படிப்பு) மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முகத்தை அசைக்கும் அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எதிலிருந்து விலகிப் போனீர்கள் என்று கேட்டால் பதில் வராது. என்னைக் கேட்டால், முதலில் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் நோயை எடுப்பதுதான் பத்திரம்.

நடுத்தர வயதுப் பெண் ஒருவர். பல வருஷமாகக் காதில் சீழ். திறந்தால் கொலஸ்டியடோமா, அதாவது நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய். நடுக்காதின் சின்ன எலும்புகளில் பட்டடை எலும்பு அரிக்கப்பட்டுப் போயிருந்தது, அங்கவடியில் அடித்தட்டு மட்டுமே மிச்சம். உள்காதின் பக்கவாட்டு அரைவட்டக் குழலிலும் அரிப்பு. வழக்கமாக நம்பும் அடையாளம் எதுவும் உருப்படியாக இல்லை. இப்படிப்பட்ட காதில் எனக்குக் கைகொடுப்பது காக்ளியரிஃபார்ம் ப்ராசஸ்தான். டென்சர் டிம்பானி என்ற நடுக்காதுத் தசையின் நார் திரும்பி வெளியே வரும் அந்தச் சின்ன எலும்பு முனையை நோய் அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. நரம்பு அதற்கு ஒட்டினாற்போல் சற்று மேலே, உள்பக்கமாக ஓடும். அங்கிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டே போனோம். அங்கவடிக் குழிக்கு மேலே வெளுத்த இளஞ்சிவப்பில் புடைப்பாக ஒன்று இருந்தது. கூட நின்ற மாணவர் கிரானுலேஷன் (புண்ணில் வளரும் சதை) என்று நினைத்து ஃபோர்செப்ஸை நீட்டினார். நிறுத்தச் சொல்லி, நரம்பைத் தூண்டும் ஸ்டிமுலேட்டரை வைத்துப் பார்த்தோம், முகத்தசை அசைவைக் கண்டு ஒலிக்கும் மானிட்டர் கத்தியது. எலும்பு மூடாத நரம்பு!

இது அபூர்வமும் இல்லை. அந்த இடத்தில் எலும்பு முட்டை ஓடு மாதிரிதான், பலருக்குப் பிறவியிலேயே திறந்திருக்கும். பாக்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1971இல் வெளியிட்ட டெம்போரல் எலும்பு (காது அமைந்திருக்கும் எலும்பு) ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட எலும்புகளில் திறப்பு இருந்தது.

நரம்பு கீழே திரும்பும் இரண்டாவது வளைவிலும் கவனம் வேண்டும். அதைத் தாண்டினால் ட்ரில்லை நரம்பின் போக்கிலேயே ஓட்டணும், குறுக்கே வேண்டாம். பெரிய டயமண்ட் பர் (ட்ரில்லின் நுனி), தண்ணீர் தாராளமாக. பர் நரம்பைத் தொடாவிட்டாலும் சூடே கெடுத்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் மாஸ்டாய்டு நுனி வளர்ந்திருக்காது, நரம்பு தோலுக்குக் கிட்டவே வெளியே வரும். காதுக்குப் பின்னால் போடும் கீறலைக் கீழே இழுக்காதீர்கள்.

மயக்க மருந்து டாக்டர்:

சார் சொன்ன மானிட்டருக்கு எங்கள் ஒத்துழைப்பும் வேணும். மூச்சுக்குழாயில் டியூப் போட ஒரு டோஸ் ரிலாக்ஸன்ட் (தசையைத் தளர்த்தும் மருந்து) கொடுத்தால், அதன் வேலை அடங்கிய பிறகுதான் மானிட்டரை நம்பலாம். இடையில் திரும்பக் கொடுத்துவிட்டு "சத்தமே வரல" என்று நிம்மதியாக இருந்தால் ஆபத்து.

ஒருமுறை ரிகவரியில் நோயாளிக்கு ஒரு பக்கக் கண் மூடவில்லை. எல்லோர் முகமும் வெளிறிவிட்டது. சர்ஜன் மட்டும் பதறாமல், நரம்பை முழுக்கப் பார்த்துவிட்டேன், மரத்துப்போகப் போட்ட லிக்னோகெயின் ஊசி மருந்தாக இருக்கும் என்று காதில் அடைத்த பேக்கைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். சாயங்காலத்துக்குள் கண் மூடியது. நரம்பைப் பார்க்காதவரால் அப்படிக் காத்திருக்க முடிந்திருக்குமா?

நோயாளி, திருச்சி:

டாக்டர்கள் நடுவில் பேசுவதற்கு மன்னிக்கணும். எனக்கு முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் நாக்கின் ஒரு பக்கம் இரும்பு ருசி. ரசம்கூட வாயில் வைக்க முடியலை. இது சரியாகுமா?

மதுரை சர்ஜன்:

சரியாகும்மா, பெரும்பாலும். முகநரம்பின் கிளையான கார்டா டிம்பானி செவிப்பறைக்குப் பின்னால் குறுக்கே போகிறது. நாக்கின் முன்பகுதி ருசி அதன் வழிதான். இழுபட்டால் இப்படி ஆகும், சில மாதங்களில் பலருக்குக் குறைந்துவிடும். உங்கள் சர்ஜனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து முகம் நன்றாக இருந்து, சில நாள் கழித்து வாய் கோணியவர்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். ஸ்டீராய்டில் தேறியவர்களையே நான் பார்த்திருக்கிறேன்.