பிபிஎஃப்எம்மில் ஐசோசிட்ரேட் லையேஸ் உண்டா?

கானாடுகாத்தான் வயல்காரர்: வறட்சிக்குப் பயிரில் தெளிக்கிற பிபிஎஃப்எம் (மெத்தனாலைத் தின்னும் இளஞ்சிவப்பு மெத்திலோபாக்டீரியம் பாக்டீரியா) பற்றி இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார்: "ஈ.கோலை அசிடேட்டைத் தின்பது மாதிரி, இதுவும் ஐசோசிட்ரேட் லையேஸை வைத்துத்தான் மெத்தனாலில் வளருது." எரிச்சலா வருது. அந்த வகையைச் சேர்ந்த மெத்திலோபாக்டீரியம் எக்ஸ்டார்குவென்ஸில் அந்த நொதியே கிடையாது.

கோவிலூரான்: எழுதினது நான்தான். அசிடேட்டின் இரண்டு கார்பனும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் கார்பன் டை ஆக்சைடாப் போயிட்டா செல் எதை வச்சு வளரும்? எந்தப் பாக்டீரியாவுக்கும் கிளையாக்சிலேட் குறுக்குவழி (கார்பனை இழக்காம, ஐசோசிட்ரேட்டை லையேஸ் வெட்டிப் போற வழி) வேணும். 1957லயே உயிர்வேதியியலாளர்கள் கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் சொன்னது. பாடப்புத்தகத்தைத் திறங்கண்ணே.

கானாடுகாத்தான் வயல்காரர்: திறந்தாச்சு தம்பி, நீங்கதான் பாதியில மூடிட்டீங்க. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மேட் ஆகும். ஒரு பங்கு எரிஞ்சு ஆற்றலாகும். மறு பங்கு கிளைசினோடு சேர்ந்து செரின் ஆகும். இப்படி ஓடுற செரின் சுழற்சியில் வர்ற அசிட்டைல் கோஏவிலிருந்து, கிளைசினுக்கு வேண்டிய கிளையாக்சிலேட்டை மீட்பது எத்தில்மலோனைல் கோஏ வழி. இரண்டு அசிட்டைல் கோஏ சேர்ந்து குரோட்டோனைல் கோஏ ஆகும். அதில் கார்பன் டை ஆக்சைடு ஏறினா எத்தில்மலோனைல் கோஏ. அந்த வழியில் இரண்டு மியூட்டேஸ் நொதிகளுக்கு வைட்டமின் பி12 வேணும், பி12க்குக் கோபால்ட் வேணும். கோபால்ட் பத்தாட்டி மெத்தனாலில் வளர்ச்சி படுத்துடும், சேர்த்தா எழுந்துடும். லையேஸ் இருந்தா ஏன் படுக்குது? அசிடேட்டில் வளர்த்தாலும் இதே வழிதான்.

கோவிலூரான்: செரின் சுழற்சி உள்ள சில இனங்களில் லையேஸ் இருக்கே?

கானாடுகாத்தான் வயல்காரர்: எக்ஸ்டார்குவென்ஸில் இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி: வயல்காரரே, இலையை அகார் தட்டில் அழுத்திப் பாக்டீரியாவை வளர்க்கிற இலைப்பதிவு செய்முறையில மெத்தனாலையும் சேர்த்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) பண்ணச் சொன்னது நீங்கதானே? 64.7 டிகிரியில் கொதிக்கிறது 121 டிகிரியில் தங்குமா? அகார் ஆறி 50 டிகிரிக்கு வந்த பிறகு, மெத்தனாலை வடிகட்டி 0.5 சதம் விடணும். பூஞ்சையைத் தடுக்கிற சைக்ளோஹெக்சிமைடு போடாட்டி இளஞ்சிவப்புக் காலனி தெரியறதுக்குள்ள தட்டு முழுக்கப் பூஞ்சை மூடிடும்.

கானாடுகாத்தான் வயல்காரர்: 'ஆறிய பின்' என்றுதான் போட்டேன் ஆச்சி, படிச்சுட்டுப் பேசுங்க. லையேஸ் இல்லை, அதுதான் இங்கே பேச்சு.

பள்ளத்தூர் ஆச்சி: நீங்க திருத்தினதுக்கு அப்புறம் 'ஆறிய பின்'. அதுக்கு முன்னாடி?

புதுவயல் உழவன்: லிட்டருக்கு 10 மில்லி, காலையோ மாலையோ, பூச்சிமருந்து கலக்காம அடிச்சா வேலை முடிஞ்சுது. லையேஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

கானாடுகாத்தான் வயல்காரர்: அடிச்சது இலையில எதைத் தின்னு பிழைக்குதுன்னு தெரிய வேண்டாமா? வளர்ற இலையின் செல்சுவர்ப் பெக்டின் விடுற மெத்தனால் இலைத்துளை வழியா வருது. அதைத் தின்ன லையேஸ் வேண்டாம்.

கோவிலூரான்: சில இனங்களில் இருக்குன்னுதான் நானும் சொல்றேன்.

கானாடுகாத்தான் வயல்காரர்: நீங்க எழுதினது 'எந்தப் பாக்டீரியாவுக்கும்'. மேலே போய்ப் பாருங்க.