ஷாங்காய் யூயுவான் தோட்டம்: போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
யூயுவான் தோட்டத்து ஒன்பது வளைவுப் பாலத்தில் கூட்டம் எப்படி நெருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு முழங்கால் வலி. "நீ போய்ப் பாத்துட்டு வாடா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றார். குளத்தங்கரையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

இந்தத் தோட்டத்தின் கதையை உள்ளே போய்த்தான் படித்தேன். பான் யுன்துவான் என்ற மிங் காலத்து அதிகாரி, தன் வயதான அப்பா நிம்மதியாக இருக்கட்டும் என்று 1559இல் கட்ட ஆரம்பித்தாராம். 'யூ' என்ற பெயரே பெற்றோரை மகிழ்விப்பது என்ற பொருளில் வைத்ததுதானாம். அதற்கப்புறம் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை, வெளியே ஓடி வந்தேன். அப்பா கைக்குட்டையில் பாதி ஆரஞ்சுச் சுளையை மடித்து வைத்திருந்தார், எனக்காக. ஆறு மாதம் ஆகிவிட்டது, அந்தக் கைக்குட்டை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நடைப்பயணி:
ஒரு திருத்தம் நண்பரே. ஒன்பது வளைவுப் பாலமும் நடுவில் இருக்கும் ஹூசின்திங் தேநீர்க்கடையும் தோட்டத்துக்கு வெளியே. டிக்கெட் வாங்கிப் போகிற மதிலுக்குள்தான் தோட்டம்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று, யூலிங்லோங் கல். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், உடம்பெல்லாம் ஓட்டை. அடியில் ஊதுபத்தி வைத்தால் எல்லா ஓட்டையிலும் புகை வரும், மேலே தண்ணீர் ஊற்றினால் எல்லாவற்றிலும் வழியும் என்பார்கள். நான் போன அன்று மழை. எல்லோரும் தாழ்வாரத்துக்கு ஓட, நான் குடையோடு நின்றேன். ஒரு ஓட்டையில் நிறைந்து அடுத்ததற்குச் சொட்டியது தண்ணீர். பத்து நிமிடம் அசையவில்லை.

உங்கள் அப்பா உள்ளே வராததே நல்லது. வாசற்படிகள் உயரம், தரையெல்லாம் கூழாங்கல், மழை பெய்தால் வழுக்கும். மூட்டுவலிக்காரரை அழைத்துப் போனால் வார நாளில், காலையில் திறந்ததுமே போய்விட வேண்டும். மெட்ரோவில் 10ஆம் வழித்தடம், யூயுவான் நிலையம். மடக்கு நாற்காலி ஒன்று கையில் இருக்கட்டும். பாறைக்குன்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம், பார்த்து ரசிக்க எதிரே மண்டபம் இருக்கிறது. தண்ணீர் பாட்டில், முழங்கால் பட்டை, இரண்டுமே மறக்கக் கூடாது.

தாழம்பூ:
நடைப்பயணி, அந்தத் தம்பி முழங்கால் பட்டையா கேட்டார்? திருத்தமும் பாதிதான் சரி. அந்தத் தேநீர்க்கடை நிற்கிற குளம் பான் கட்டியபோது தோட்டத்துக்குள்தான் இருந்தது. பிற்பாடு தோட்டம் கைமாறிச் சிதைந்து சுருங்கி, குளம் கடைவீதிக்குப் போய்விட்டது. இப்போது மதிலுக்குள் இருப்பது சுமார் இரண்டு ஹெக்டேர். தம்பி, உங்கள் அப்பா அந்த அப்பாவுக்காகக் கட்டிய தோட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மறக்காதது டிராகன் மதில். சுவரின் மேல் ஓடுகளே செதில்களாக வளைந்து வந்து தலையில் முடிகிறது. ஒரு பாட்டி பேரனை இடுப்பில் தூக்கி, அதன் கால்விரல்களை ஒவ்வொன்றாகக் காட்டி எண்ண வைத்தார். ஐந்து விரல் டிராகன் பேரரசருக்கு மட்டும் உரியது, அதனால் இங்கே ஐந்து கிடையாது. பையன் ஒவ்வொரு முறையும் ஐந்து வரை எண்ணிக்கொண்டே போனான். பாட்டி சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு மொழி தெரியாது, ஆனாலும் அவர்களோடு சேர்ந்து நானும் எண்ணினேன்.

ஊர்சுற்றி:
அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தக் குளத்துல செவப்பு மீனு எவ்வளவு இருந்துச்சு தெரியுமா, ஆரஞ்சுத் தோலப் போட்டா எல்லாம் ஓடி வந்துச்சு" என்று ஆரம்பித்தவர், தூங்குகிற வரைக்கும் மீனைப் பற்றியேதான் பேசினார்.