கதிர்காமக் காட்டுப்பாதையில் கைத்தொலைபேசி வேண்டுமா?

மண்டூர் மகன் எழுதியது:

கதிர்காமத்துக்கு நடந்து போய்வந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் அப்பாவுக்கு 67 வயது. மண்டூரிலிருந்து 11 தடவை பாதயாத்திரை சென்றவர். இந்த ஆடிவேல் விழாவுக்கும் புறப்படுகிறார். முதன்முறையாக நானும் அவருடன் நடக்கப் போகிறேன். வீட்டில் இப்போது எழுந்திருக்கும் வாக்குவாதம் கைத்தொலைபேசியைப் பற்றியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பமாக வாகனத்தில் கதிர்காமம் போனோம். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று போன அந்த வழி முழுவதும், ரொறன்ரோவில் இருக்கும் அக்கா பார்க்க வேண்டும் என்பதற்காக வட்ஸ்அப் காணொளி அழைப்பைத் திறந்தே வைத்திருந்தேன். மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்த அப்பா, கரையில் நின்ற என்னிடம் உலர்ந்த வேட்டியைக் கேட்டு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் நான் அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்ததும் அவரைத்தான். ஆனால் அவர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்மணி ஒருவர் என் கையிலிருந்த வேட்டியை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பா அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை. எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

இம்முறை போனை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி அப்பா சொல்கிறார். "அங்கே படம் பிடிக்க என்ன இருக்கிறது மகன்? ஐந்து நாள் காடு, கடைசியில் ஒரு திரை." மண்டூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை; கதிர்காமத்தைப் போலவே எங்கள் முருகன் கோயிலிலும் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னேதான் பூசை செய்கிறார். அக்காவோ, ஒவ்வோர் இரவும் அப்பாவின் குரலைக் கேட்காவிட்டால் தன்னால் நிம்மதியாக வேலைக்குப் போக முடியாது என்கிறார். அம்மா எதுவும் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

படுவான்கரையான் எழுதியது:

தம்பி, நான் ஒன்பது முறை நடந்திருக்கிறேன். மண்டூரிலிருந்து திருக்கோவில், பொத்துவில், பாணமை வரைக்கும் ஊரும் கடையும் உள்ள பாதை. இரவில் தங்கும் கோயில் மண்டபங்களில் போனுக்கு மின்னேற்றிக்கொள்ளலாம், வீட்டுக்கும் பேசலாம். உகந்தை முருகன் கோயிலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கிய பிறகுதான் உங்கள் கேள்விக்குப் பொருள் வருகிறது. குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று போகும் அந்த வழியின் பெரும்பகுதியை நான் சிக்னல் இல்லாமலேதான் கடந்திருக்கிறேன். எங்கோ ஒரு மேட்டில் ஒரு கோடு தெரியும். அதை நம்பி, களைத்த கால்களோடு மேட்டில் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்தபடி நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். கீழே அவர்களுடைய குழு கஞ்சி குடித்து முடித்திருக்கும்.

காட்டில் நமக்குத் துணை காதுதான். முன்னே வேல் தாங்கிச் செல்லும் சாமி "அரோகரா" என்று குரல் கொடுத்தால், அது வரிசையில் ஒவ்வொருவராகப் பின்னோக்கி வரும். கடைசியில் நடப்பவரின் குரல் திரும்பி முன்னால் வந்து சேராவிட்டால் குழு நின்றுவிடும். ஒரு வருடம் எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் காதில் இயர்போனை மாட்டிப் பக்திப் பாடல் கேட்டுக்கொண்டு நடந்தார். வியாழைக்கு முன்னர் யானை கிளை முறிக்கும் சத்தம் கேட்டு நாங்கள் அனைவரும் நின்றோம். அவர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார். வயதான அம்மா ஒருவர் ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார். அந்தப் பிள்ளை பயந்து அழுததை நான் இன்னும் மறக்கவில்லை.

வேறொன்றும் உண்டு. காட்டில் இறங்கிய முதல் நாள் கை தானாகவே சட்டைப்பையைத் தேடும். இரண்டாம் நாள் எரிச்சலாக இருக்கும். அதன் பிறகு, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாக நடந்துவரும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இரவில் அடுப்படியில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், நடுவில் எழுந்துபோக யாருக்கும் மனம் வராது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் "சாமி". உங்கள் அப்பா அந்த இரவுகளுக்காகத்தான் போகிறார் என்பது என் எண்ணம்.

போனைக் கொண்டுபோவதானால் விமானப் பயன்முறையில் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருப்பதால் மின்கலம் அரை நாளில் தீர்ந்துவிடும். இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து நேரே கிடைப்பதால் கோபுரம் இல்லாமலும் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கோவில் ஆசிரியை எழுதியது:

படுவான்கரை அண்ணன் சொன்னவை அனைத்தும் நடப்பவரின் பக்கத்து நியாயம். வீட்டில் இருப்பவரின் பக்கத்திலிருந்து நான் பேச விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா மௌனமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் "தொடர்பைத் துண்டித்துக்கொண்டு ஓய்வெடுப்பது" என்று பேசுவதைக் கேட்கும்போது, எங்கள் மாவட்டங்களில் "தொடர்பு இல்லை" என்ற சொல் எதைக் குறித்தது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள் என்றே நினைப்பேன். 1990-ஆம் ஆண்டு கடைக்குப் போன என் மாமா திரும்பி வரவில்லை. அம்மம்மா சாகும்வரை வாசல் படலையைப் பூட்டவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கல்முனைக்குப் போயிருந்த என் கணவரிடமிருந்து மறுநாள் மாலைவரை ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. இப்படி வாழ்ந்த பெண்களிடம் "ஐந்து நாள் சிக்னல் இருக்காது, கவலைப்படாதே" என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

எந்த வழியில் பேசப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று என் மகன் கொழும்பிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தான். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்த செய்தி வந்தது. அரசாங்கம் வட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றை முடக்கியது. எங்கள் வீட்டில் அனைவரும் வட்ஸ்அப்பில் மட்டுமே பேசிப் பழகியிருந்தோம். அவனுடைய போனில் தரவு இருந்தது, சாதாரண அழைப்புக்கு மீதிப் பணம் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் போனை வாங்கி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: "பொலனறுவை தாண்டிவிட்டேன்." நான்கு மணிநேரம் தவித்த எனக்கு அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது.

ஆகவே அம்மாவிடம் பேசுங்கள். உகந்தையில் காட்டுக்குள் இறங்கும் முன் ஒரு அழைப்பு, கதிர்காமம் சேர்ந்ததும் ஓர் அழைப்பு, இடையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த நாளில் சேருவீர்கள் என்பதற்கு ஒரு நாள் கூட்டியே கணக்குச் சொல்லுங்கள். சொன்ன நாளுக்கு முன்னதாகக் குரல் கேட்டால் மகிழ்வார். பிந்தினால் அந்த ஒரு இரவு அவருக்கு எத்தனை இரவுகளாக நீளும் என்பதை நான் அறிவேன்.

பொத்துவில் விடுதிக்காரர் எழுதியது:

நான் யாத்திரை போனவன் அல்ல. அறுகம்பேயில் விடுதி நடத்துகிறேன். யாத்திரைக் குழுக்கள் எங்கள் வீதியால் போகும்போது தண்ணீர் கொடுப்போம். பயணிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இணையம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. முன்பதிவும் இணையத்தில்தான், அலை எப்போது எழும் என்ற தகவலும் இணையத்தில்தான். வந்து இறங்கியவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு முன்னர் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பார்கள். ஆனால் அலைச்சறுக்குக்கு வந்தவர் காலையில் மூன்று மணிநேரம் கடலில் இருப்பார், போனைத் தொட முடியாது. மாலையில் எங்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பவரும் பெரும்பாலும் அவராகவே இருக்கிறார். யால பக்கம் நடப்பது வேறு. ஒரு ஜீப் சாரதி சிறுத்தையைக் கண்டு போனில் சொன்னால், சிறிது நேரத்தில் இருபது ஜீப்கள் அங்கே குவிந்துவிடும். பிறகு சிறுத்தைக்கும் நிம்மதி இல்லை, பார்க்க வந்தவருக்கும் புழுதிதான் மிச்சம். நீங்கள் போகும் பாதையும் அதே காட்டின் தொடர்ச்சிதான். விலங்கைக் கண்டால் படம் எடுக்க நிற்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்கவே வேண்டாம்.

மண்டூர் மகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பா முதன்முதலாகக் கதிர்காமம் போன ஆண்டில் நடந்ததைச் சொன்னார். அப்போது வீட்டில் தொலைபேசியே இல்லை. திரும்பி வருவதாகச் சொன்ன நாளில் அப்பா வரவில்லை. இரண்டு நாள் பிந்தி வந்தார். அந்த இரண்டு நாளும் அம்மா உலை வைக்கவில்லையாம். இதை அப்பாவும் நேற்றுத்தான் கேட்டார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சாமிக்குப் போய் வந்த மனிசனிடம் என்னத்தைச் சொல்லுறது" என்றார் அம்மா.

முடிவு இதுதான். என் போன் வீட்டில் இருக்கும். பழைய பட்டன் போன் ஒன்றை அணைத்துப் பொலித்தீனில் சுற்றி அப்பாவின் பையில் வைக்கிறோம். உகந்தையிலிருந்தும் கதிர்காமத்திலிருந்தும் பேசுவது அம்மாவுடன். அக்காவுக்கு அம்மா சொல்வார். அக்கா இதற்கு ஒப்புக்கொள்ள ஒரு மணிநேரம் எடுத்தது. தான் சிறுமியாக இருந்தபோது அப்பா காட்டிலிருந்து திரும்பி வந்து கதை சொன்னதைப் போல, இம்முறையும் வந்து சொல்ல வேண்டும் என்பதே அவருடைய நிபந்தனை. படம் எதுவும் அனுப்பக்கூடாதாம்.

இன்னும் ஒரு சந்தேகம்: உகந்தையில் கூட்ட நேரத்தில் அழைப்பு எடுபடுமா?

படுவான்கரையான் எழுதியது:

நெரிசலில் பல முறை எடுபடாது, தம்பி. குறுஞ்செய்தி அனுப்புங்கள், அழைப்பு போகாத நேரத்திலும் அது பெரும்பாலும் போய்ச் சேரும், அம்மாவின் போன் அந்த நேரத்தில் அணைந்திருந்தாலும் திறந்ததும் கிடைக்கும். அவருக்கு அதைத் திறந்து வாசிக்கத் தெரியுமா என்பதைப் புறப்படும் முன் ஒருமுறை செய்து பாருங்கள்.