லேப் அசிஸ்டென்ட் ஆகணும்னா என்ன படிக்கணும், உள்ள போனா நிஜமா என்ன வேலை?

நிலாச்சோறு:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் முடிச்சிட்டு கொஞ்ச நாளா ஒரு ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி பார்த்துட்டு இருக்கேன், சுத்தமா பிடிக்கல. மெடிக்கல் லேப் அசிஸ்டென்ட் ஆகலாம்னு ஒரு யோசனை. விசாரிச்சா ஒருத்தர் ஆறு மாச சர்டிபிகேட்டே தாராளம்ங்கிறார், இன்னொருத்தர் ரெண்டு வருஷ டிப்ளமோ இல்லன்னா எவனும் உள்ளயே விடமாட்டான்ங்கிறார், நடுவுல வீட்ல உக்காந்தே ஆன்லைன்ல முடிச்சிடலாம்னு ஒரு விளம்பரம் வேற போனை திறந்தா வந்து நிக்குது. கெமிஸ்ட்ரி எனக்கு சுமார் தான். ரத்தம் பார்த்தா மயக்கம்லாம் வராது, ஆனா ஊசி குத்துறது நான்னா கை நடுங்கிடுமோன்னு இருக்கு. அப்புறம் எல்லாத்தையும் மெஷினே பண்ணிடுதே, இத நம்பி படிச்சா வேலை இருக்குமா? உள்ள இருக்கறவங்க கொஞ்சம் உண்மையா சொல்லுங்க ப்ளீஸ்.

ஊதாமூடி:

லேப்ல ரொம்ப வருஷமா இருக்கேன்மா, புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக்குடுக்கறதும் நான் தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

அசிஸ்டென்ட் வேலைன்னா பெரும்பாலும் டெஸ்டுக்கு முன்னாடி நடக்கறது எல்லாம். பேஷன்டை கூப்பிட்டு பேரு பிறந்த தேதி கேட்டு சரிபார்க்கறது, ரத்தம் எடுக்கறது, லேபிள் ஒட்டறது, சென்ட்ரிஃபியூஜ்ல (வேகமா சுத்தற மெஷின்) போட்டு சீரம், அதாவது ரத்தத்தோட தெளிஞ்ச நீர்ப்பகுதியை பிரிக்கறது, மெஷின்ல ஏத்தறது, ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் குறிக்கறது, ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான கெமிக்கல்) தீரப்போகுதான்னு பார்க்கறது, கழிவை கலர் பார்த்து பிரிச்சு போடறது. டெஸ்டை ஓட்டி கன்ட்ரோல் (முன்னாடியே அளவு தெரிஞ்ச சாம்பிள்) சரியா வருதான்னு பார்த்து ரிசல்ட்டை ரிலீஸ் பண்றது டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் வேலை. எடத்துக்கு எடம் இந்த கோடு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

இத கேட்டதும் எடுபிடி வேலை தானேன்னு நினைப்பாங்க. ஆனா ரிப்போர்ட் தப்பா போச்சுன்னா பெரும்பாலும் அந்த தப்பு மெஷின்குள்ள சாம்பிள் போறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். ஒரு உதாரணம் சொல்றேன். ஊதா மூடி ட்யூப்ல பொட்டாசியம் கலந்த ஈடிடிஏங்கற கெமிக்கல் இருக்கும், அது ரத்தத்துல இருக்கற கால்சியத்தை பிடிச்சு வெச்சுக்கறதால தான் ரத்தம் உறையாம இருக்கு. இப்ப யாரோ ஒருத்தர் சிவப்பு மூடி ட்யூப்ல ரத்தம் பத்தலன்னு ஊதாலேர்ந்து கொஞ்சம் எடுத்து ஊத்திட்டார்னு வைங்க, பொட்டாசியம் எகிறிடும், கால்சியம் அதல பாதாளத்துக்கு போயிடும், அந்த நம்பர் மட்டும் நிஜமா இருந்தா அந்த மனுஷனுக்கு இதயமே நின்னிருக்கணும், ஆனா அவர் வெளிய சேர்ல உக்காந்து போன் நோண்டிட்டு இருப்பார். மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல, குடுத்ததை அளந்து சொல்லிச்சு. எந்த ட்யூப்ல முதல்ல ரத்தம் எடுக்கணும்னு ஒரு வரிசை இருக்கறதும் ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுல கலந்துடக் கூடாதுன்னு தான்: கல்ச்சர் பாட்டில் (கிருமி வளர்த்துப் பார்க்கறதுக்கு) முதல்ல, அப்புறம் நீலம், சிவப்பு இல்ல மஞ்சள், பச்சை, ஊதா, கடைசில சாம்பல். பயிற்சில முதல் வாரமே இத தலைகீழா கேட்டாலும் சொல்ற மாதிரி ஆக்கிடுவாங்க.

நீல மூடி இன்னும் தொல்லை. அதுல இருக்கற சிட்ரேட்டும் ரத்தம் உறையாம தடுக்கறது தான், சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்குன்னு கணக்கு. கோடு வரைக்கும் நிரம்பலன்னா சிட்ரேட் அதிகமாகி ரத்தம் உறையற நேரம் பொய்யா நீண்டு காட்டும், டாக்டர் அத நம்பி மருந்து டோஸ் மாத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

கோர்ஸ் விஷயம்: மாசத்தை பார்க்காதீங்க, போஸ்டிங்கை, அதாவது லேப்ல நேரடி பயிற்சியை பாருங்க. நிஜ லேப்ல எத்தனை நாள் விடுவாங்க, மேற்பார்வைல நிஜ ஆளுங்ககிட்ட எத்தனை தடவை ரத்தம் எடுக்க விடுவாங்கன்னு கேளுங்க. அதுக்கு நேரா பதில் சொல்லாம சுத்தி வளைச்சா அந்த பக்கமே போகாதீங்க. அப்புறம் உங்க நாட்டுல இந்த வேலைக்கு பதிவு இல்ல லைசென்ஸ் வேணும்னா, அந்த அமைப்போட அங்கீகாரப் பட்டியல்ல அந்த கோர்ஸ் இருக்கான்னு நீங்களே பார்த்துடுங்க, அவங்க பிரவுச்சரை நம்பாதீங்க. ஆன்லைன்ல தியரி படிக்கலாம் தப்பே இல்ல, ஆனா வெயினை (ரத்தம் எடுக்கற ரத்தக்குழாயை) ஸ்கிரீன்ல தொட்டுப் பார்க்க முடியாதே.

சென்ட்ரிஃபியூஜ்_சித்தப்பா:

ஊதாமூடி சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். முடிஞ்சா டிப்ளமோவே போயிடுங்க. அசிஸ்டென்ட்டா உள்ள போனவங்க நிறைய பேர் அங்கயே நின்னுடறாங்க, நைட் ஷிப்ட் எல்லாருக்கும் ஒண்ணு தான் ஆனா சம்பளம் ஒரு அளவுக்கு மேல ஏறாது, புதுசா வர்ற டெக்னீஷியனுக்கு நீங்க வேலை கத்துக்குடுப்பீங்க, அவர் கையெழுத்து போடுவார். ரெண்டு வருஷம் கஷ்டமா தெரியும், சர்டிபிகேட்டோட நின்னா பின்னாடி வேலை பார்த்துக்கிட்டே மறுபடி படிக்கறது அதைவிட கஷ்டம்.

மெஷின் பத்தி கேட்டீங்க. பெரிய லேப்கள்ல டிராக் போட்டு ட்யூபை தானா நகர்த்தி, மூடி திறந்து, சென்ட்ரிஃபியூஜ் வரைக்கும் மெஷினே பண்ணுது, அதனால ட்யூப் பிரிச்சு அடுக்கற ஆள் தேவை குறைஞ்சிருக்கு, இத மறைக்க வேண்டாம். ஆனா அழற குழந்தை கையிலயும் வத்திப்போன வயசானவங்க கையிலயும் ரத்தம் எடுக்கறது இன்னும் மனுஷன் தான். அதனால கலெக்‌ஷன்ல கையை நல்லா பழக்குங்க.

கைநடுக்கம்_போச்சு:

நான் இப்ப தான் ட்ரெயினிங்ல இருக்கேன் அக்கா, அந்த நடுக்கம் எனக்கும் இருந்துச்சு. எடுத்தவுடனே ஆள் மேல குத்த விடமாட்டாங்க, ரப்பர் கையில தான் பழகணும். எனக்கு உதவுனது என்னன்னா கண்ணால தேடறத விட்டுட்டு விரலால தேடினது. முழங்கை மடிப்புக்கு நடுவுல ஆள்காட்டி விரலை வெச்சு அமுக்கி எடுத்தா வெயின் காத்தடைச்ச பலூன் மாதிரி மெத்துனு எழும்பி வரும், தசைநார்னா கட்டியா இருக்கும், துடிச்சா அது ஆர்ட்டரி (இதயத்துலேர்ந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய்), அதுல குத்தவே கூடாது. உள்பக்கமா இருக்கற வெயின் நல்லா தெரியும் ஆனா அதுக்கு பக்கத்துலயே ஆர்ட்டரியும் நரம்பும் போகுது, அதனால அத கடைசியா தான் யோசிக்கணும்னு எங்க மேடம் திரும்ப திரும்ப சொல்வாங்க. ஊசியோட சாய்வான முனை மேல பார்த்து, 15லேர்ந்து 30 டிகிரிக்குள்ள சாய்ச்சு குத்தணும். டூர்னிக்கெட் (கைமேல இறுக்கற பட்டை) ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வெக்கக் கூடாது. கையை மூடி மூடி திறங்கன்னு சொல்றதும் இப்ப வேண்டாம்ங்கறாங்க, பொட்டாசியம் ஏறிடுமாம். ரெண்டு தடவை கிடைக்கலன்னா கௌரவம் பார்க்காம அடுத்தவங்களை கூப்பிடணும், இது எங்க லேப் ரூல்.

அப்புறம் கெமிஸ்ட்ரிக்கு பயப்படாதீங்க. தினசரி வர்றது டைல்யூஷன் கணக்கு தான். 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை (கிருமி கொல்ற ப்ளீச் திரவம்) 1 சதவீதமா ஆக்கணும்னா ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி, இந்த அளவு தான். அஞ்சு பங்கு ஊத்தறவங்க தான் ஜாஸ்தி 😄

நிலாச்சோறு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. டிப்ளமோ பக்கம் தான் மனசு போகுது. இன்னும் ரெண்டு டவுட்டு. கடைசியா வர்ற அந்த சாம்பல் மூடி எதுக்கு? அப்புறம் வீட்ல அம்மா ஒரே பிடிவாதமா ஊசி உன் கையில குத்திக்கிட்டா என்ன பண்ணுவ, எச்ஐவி வந்துடும்ங்கிறாங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

ஊதாமூடி:

சாம்பல் சர்க்கரைக்கு. ரத்தத்தை எடுத்து சும்மா வெச்சா அதுல இருக்கற செல்லுங்க சர்க்கரையை தின்னுட்டே இருக்கும், ரூம் டெம்பரேச்சர்ல மணிக்கு 5லேர்ந்து 7 சதவீதம் இறங்கும். சாம்பல் மூடில இருக்கற ஃப்ளூரைடு அத தடுக்கும், ஆனா அதுவும் உடனே தடுக்காது, முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதனால சாம்பல் தானேன்னு சாவகாசமா வெச்சிருக்காம சீக்கிரம் லேபுக்கு அனுப்பணும்.

அம்மா பயம் நியாயமானது தான், பூசி மெழுகாதீங்க, நம்பரை சொல்லுங்க. எச்ஐவி இருக்கறவங்களுக்கு போட்ட ஊசி குத்தினா தொத்தற வாய்ப்பு சுமாரா 0.3 சதவீதம், உடனே மருந்து ஆரம்பிச்சா அது இன்னும் குறையும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், அதுவும் முதல் சில மணி நேரத்துலயே எடுக்கறது தான் நல்லது. நிஜமா பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவங்களுக்கு 6லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் வாய்ப்பு. குத்திடுச்சுன்னா சோப்பு போட்டு தண்ணில கழுவணும், பிதுக்கக் கூடாது, உடனே சூப்பர்வைசர்கிட்ட சொல்லி எழுதி வெக்கணும், திட்டுவாங்கன்னு மறைக்கறது தான் பெரிய ஆபத்து. ஊசிக்கு மறுபடி மூடி போடற பழக்கமே வேண்டாம், எடுத்ததும் நேரா ஷார்ப்ஸ் டப்பாவுல (ஊசி மாதிரி கூரானதை போடற டப்பா).

சென்ட்ரிஃபியூஜ்_சித்தப்பா:

இதோட ஒண்ணு சேர்த்துக்கம்மா. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், முதல் டோஸ், அதுலேர்ந்து ஒரு மாசம், ஆறாவது மாசம். கடைசி டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டிபாடி டெஸ்ட் (தடுப்பூசி உடம்புல வேலை செஞ்சிருக்கான்னு பார்க்கறது) எடுத்து 10 mIU/mL-க்கு மேல வந்திருக்கான்னு பார்க்கணும், வராதவங்களும் இருக்காங்க. சேர்றப்ப அவங்களே போடுவாங்களா இல்ல நீங்க போட்டுட்டு வரணுமான்னு கேட்டுக்கங்க. எப்படின்னாலும் அட்மிஷன் வரைக்கும் காத்திருக்காம முதல் டோஸை இப்பவே போட்டுட்டா போஸ்டிங் ஆரம்பிக்கறதுக்குள்ள மூணும் முடிஞ்சிடும்.