'கட்டிங்': தேயிலை நாற்றங்கால் கையேட்டில் இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

குன்னூர்வாசி:
தேயிலை நாற்றங்கால் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றைக் கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்காகத் தமிழாக்குகிறேன். 'கட்டிங்' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. அகராதியில் 'வெட்டுதல்', 'வெட்டிய துண்டு', 'பத்திரிகை நறுக்கு', 'மலையை வெட்டிப் போட்ட பாதை' என்று நான்கு பொருள். மொழிபெயர்ப்புச் செயலி எல்லா இடத்திலும் 'வெட்டு' என்றே போட்டு, "வெட்டுகளுக்கு நிழல் கொடுக்கவும்" என்று எழுதித் தருகிறது. 'கட்டிங்' என்றே விட்டுவிட்டால், "கட்டிங் போட ஏற்ற மாதம்" என்ற தலைப்பைப் பார்த்து இளைஞர்கள் சரக்கு விஷயம் என்று நினைப்பார்கள். என்ன செய்யலாம்?

கொழுந்துக்காரர்:
தோட்டத்தில் கட்டிங் என்றால் பொருள் ஒன்றுதான்: ஓர் இலை, அதன் கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் மூலையில்) ஒரு மொட்டு, அதற்குக் கீழே 3 முதல் 4 செ.மீ. தண்டு. முதல் பக்கத்திலேயே 'ஓரிலைத் துண்டு, அதாவது கட்டிங்' என்று சொல்லிவிட்டு, பிறகு கட்டிங் என்றே எழுதுங்கள். நர்சரியில் வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

'குச்சி' மட்டும் வேண்டவே வேண்டாம். குச்சி என்றதும் மரவள்ளி ஊன்றுவது ஞாபகம் வந்து, இலையைக் கிள்ளிவிட்டு நட்டுவிடுவார்கள். வேர் பிடிக்கும் வரை அந்த ஒற்றை இலைதான் துண்டுக்குச் சோறு போடுகிறது. அது போனால் துண்டும் போச்சு.

அளவுகளை அப்படியே கொடுங்கள். தண்டின் இளசான நுனியையும், அடியில் செம்பழுப்பாக முற்றிய பகுதியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். மேல்வெட்டு மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக. மொட்டை ஒட்டி வெட்டினால் மொட்டு நசுங்கும். நீளமாக விட்டால் அந்த முனை காய்ந்து கீழ்நோக்கிக் கருகும். வெட்டிய கையோடு தண்ணீரில் போட வேண்டும். மண்ணின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4.5க்கும் 5.5க்கும் நடுவில் இருக்கட்டும். துண்டை நடுகிற பிளாஸ்டிக் கவரின் மேல்பகுதியில் மணல் கூடுதலாகக் கலக்கச் சொல்லுங்கள். வெறும் களிமண்ணில் நீர் தேங்கி, வேர் வருமுன்பே அடிவெட்டு அழுகிவிடும். நடும்போது இலை மண்ணில் படக்கூடாது.

சொல்தேடி:
பேச்சுத் தமிழில் இந்தச் சொல்லின் பொருளைப் பெரும்பாலும் கூட வருகிற வினைச்சொல்தான் முடிவு செய்கிறது. 'கட்டிங் பண்ணணும்' என்றால் சலூன். 'கட்டிங் கேக்கிறான்' என்றால் கமிஷன். 'கட்டிங் எடுக்கிறது' தோட்டத்து வேலை. 'கட்டிங் போடுறது'தான் சிக்கல்: நர்சரியில் அது கவரில் நடுவது, கடைத்தெருவில் குடிப்பது. கையேட்டில் 'எடுப்பது', 'நடுவது' என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டால் குழப்பம் வராது. தலைப்பையும் 'கட்டிங் நட ஏற்ற மாதம்' என்று மாற்றிவிடுங்கள்.

குடிப்பதில் அதற்குத் திட்டமான அளவே உண்டு. 180 மி.லி. பாட்டில்தான் குவாட்டர், அதை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 90, அதுதான் கட்டிங். மும்பையில் 'கட்டிங் சாய்' என்றால் அரை கிளாஸ் டீ. இரண்டிலும் அடிப்படை பாதியாக வெட்டிக்கொள்வதுதான். ஆங்கில அகராதியில் இந்தப் பொருளைத் தேடாதீர்கள், இது இங்கே முளைத்தது. ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் இத்தனை வேலைக்குப் பழக்கியிருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

லவ்டேல்_பயணி:
நீங்கள் சொன்ன நான்காவது பொருளைப் பார்க்க நீலகிரி மலை ரயிலில் ஏறினால் போதும். 1908இல் உதகை வரை வந்த அந்த 46 கி.மீ. பாதையில் 16 சுரங்கங்கள். சுரங்கத்துக்கு மேலே கூரை மாதிரி மலை இருக்கும். கட்டிங்கில் இருபக்கமும் வெட்டிய சுவர், மேலே வானம். மழையில் மண் சரிவது இந்தச் சுவர்களில்தான். அதனால் சுவருக்கு மேலே, சரிவின் உச்சியில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். தமிழில் 'மலைவெட்டு' என்றால் சாலை வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும். உங்கள் கையேட்டில் இது வராது என்று நினைக்கிறேன்.

குன்னூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. வயது முதிர்ந்த செடியைக் 'கட்டிங் பேக்' செய்யவும் என்று ஓரிடத்தில் வருகிறது. அதற்கும் கட்டிங்தானா?

கொழுந்துக்காரர்:
இல்லை, அது கவாத்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிடுவது. இரண்டையும் கலந்துவிட்டால் பெரிய நஷ்டம். கவாத்தில் விழுகிற முற்றிய கழிவை எடுத்து நட்டால் வேர் பிடிக்காது. கவாத்து முடிந்து சில மாதம் வளரவிட்ட புதுத் தண்டில்தான் கட்டிங் எடுக்க வேண்டும்.

சொல்தேடி:
கவாத்தும் இரட்டைப் பொருள் சொல்தான். உருது வழியாக வந்த அதற்குப் படைப் பயிற்சி என்றும் பொருள். மலையில் யாருக்கும் அதில் குழப்பமில்லை, தாராளமாக எழுதலாம்.

குன்னூர்வாசி:
சரி. முதல் வரி இப்படி: "கட்டிங் என்பது ஓர் இலையும் ஒரு மொட்டும் உள்ள தண்டுத் துண்டு."

கொழுந்துக்காரர்:
'ஒரு முழு இலை' என்று மாற்றுங்கள். நீர் ஆவியாவதைக் குறைக்கிறோம் என்று பாதி இலையை நறுக்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 'மொட்டு' என்பதையும் 'கக்க மொட்டு' என்று எழுதுங்கள். வெறும் மொட்டு என்றால் பூமொட்டோடு எடுத்து வருவார்கள்.