மொறிஸ் மைனர் 1098: ஜெட் நட்டை முழுக்க ஏத்தியும் கறுப்புப் புகை, உதவி தேவை

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம் அண்ணைமார். 1098 சிசி மொறிஸ் மைனர், எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேட்டர். எஞ்சின் நல்லாச் சூடான பிறகும் சைலன்சரால கறுப்புப் புகை வருது. காருக்குள்ள பெற்றோல் மணம். நாலு பிளக்கும் காய்ஞ்ச கரி. லீற்றருக்கு 7 கிலோமீற்றர்தான் ஓடுது. பொயின்ற் 0.015 அங்குலம், பிளக் 0.025, ரப்பட் 0.012, எல்லாம் பார்த்து வைச்சாச்சு. கொண்டென்சரும் புதுசு. ஜெட் நட்டை (பெற்றோல் வாற ஜெட் குழாயை ஏத்தி இறக்கி அளவு வைக்கிற நட்டு) முழுக்க மேல ஏத்தியும் குறையேல்லை. ஜெட்டுக்குள்ள நிக்கிற ஊசியை மாத்தி, தடிச்ச ஊசி வாங்கிப் போடச் சொல்லுகினம். போடலாமோ?

பதில் (வவுனியா)

தம்பி, ஊசியில இப்ப கை வைக்காதேங்கோ. நட்டை முழுக்க ஏத்தினால் ஜெட்டின்ர வாய், காபரேட்டருக்குள்ள ஊசியைத் தாங்கிற பிஸ்ரன் வந்து இருக்கிற மேடையோட மட்டமா நிக்கும். அந்த நிலையில எஞ்சின் பெற்றோல் காணாமல் நிண்டுபோக வேணும். நிக்காமல் புகைக்குது எண்டால் ரெண்டில ஒண்டு: நட்டு ஏறியும் ஜெட் ஏறேல்லை, இல்லாட்டி புளோற் சேம்பரில (காபரேட்டரில பெற்றோல் நிக்கிற கிண்ணம்) மட்டம் கூடி பெற்றோல் தானாப் பொங்கி வருது. ரெண்டுக்கும் ஊசி மாத்திப் பயனில்லை.

முதல் சோக்கைப் பாருங்கோ. இந்தக் காபரேட்டரில சோக் இழுக்கிறது எண்டால் ஜெட்டையே கீழ இறக்கிறதுதான். சோக்கை உள்ளுக்கு முழுக்கத் தள்ளிப்போட்டு, ஜெட்டின்ர அடியை விரலால மேல தள்ளிப் பாருங்கோ. துளி அசைஞ்சாலும் ஜெட் திரும்பி வரேல்லை எண்டு அர்த்தம். கேபிளில 1.5 மில்லிமீற்றர் அளவு தளர்வு இருக்க வேணும். புளோற் சேம்பரில இருந்து ஜெட்டுக்கு வாற மெல்லிய நைலோன் குழாய் வெயிலில விறைச்சுப் போயிருந்தாலும் ஜெட்டை ஏற விடாது. எங்கட செம்புழுதி ஜெட்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையில போய்ப் பசை மாதிரிப் பிடிக்கும். கழட்டிப் பெற்றோலில கழுவினால் போதும், மண்கடதாசி வேண்டாம்.

பிறகு பம்பைக் கேளுங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, சாவியை மட்டும் ஒன் பண்ணுங்கோ. சேம்பர் நிரம்பினதும் டிக் டிக் சத்தம் அடங்க வேணும். ரெண்டு மூண்டு செக்கனுக்கு ஒருக்கால் தட்டிக்கொண்டே நிண்டால் நீடில் வால்வு (சேம்பருக்குப் பெற்றோல் வாற வழியை மூடுற வால்வு) மூடாமல் பெற்றோல் எங்கையோ போகுது.

ஒண்டைக் கட்டாயம் சொல்ல வேணும். மைனரில காபரேட்டரும் எக்ஸோஸ்ற் மனிபோல்டும் ஒரே பக்கம். சேம்பர் மூடியில இருக்கிற ஓவர்புளோ குழாய் உடைஞ்சிருந்தால் வழியிற பெற்றோல் நேரா சூட்டு இரும்பில விழும். அந்தக் குழாயைச் சரியாக்கி, எக்ஸோஸ்ற்றைத் தாண்டிக் கீழ விட்ட பிறகுதான் மற்ற வேலை.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணை. ஜெட் நல்லா ஏறி இறங்குது, சோக்கில பிழை இல்லை. பம் சத்தம் அடங்கவே இல்லை. பழைய எஸ்.யூ. பம் இல்லை, ஆரோ முந்தி பொதுவான எலெக்ற்றிக் பம் ஒண்டு பூட்டியிருக்கினம். ஓவர்புளோ குழாயின்ர நுனி ஈரம்.

பதில் (மன்னார்)

அப்ப இடம் தெரிஞ்சிட்டுது. பொதுவாக் கடையில கிடைக்கிற பம் 3 இல் இருந்து 5 பி.எஸ்.ஐ. வரைக்கும் தள்ளும். எச்.எஸ்.2 இன்ர நீடில் வால்வு அதைத் தாங்காது, புது வால்வு போட்டாலும் பெற்றோல் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வரும். பழைய பம்பைத் தேடிப் பூட்டுங்கோ. கிடைக்காட்டி லைனில ஒரு பிறெஷர் ரெகுலேற்றர் போட்டு 1.5 பி.எஸ்.ஐ.யில வையுங்கோ.

மூடியைக் கழட்டுற நேரம் புளோற்றைக் காதடியில வைச்சுக் குலுக்குங்கோ. உள்ளுக்க தளும்பினால் ஓட்டை, அதை ஒட்டிப் பாவிக்க வேண்டாம், மாத்துங்கோ. நீடில் வால்வின்ர கூரைச் சுத்தி நகத்தை ஓட்டுங்கோ. வளையம் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது தேய்ஞ்சது. நீடிலையும் சீற்றையும் சோடியாத்தான் மாத்த வேணும்.

அடுத்தது மட்டம். மூடியைத் தலைகீழாப் பிடிச்சு, புளோற்றைத் தன்ர பாரத்தில வால்வு மேல இருக்க விடுங்கோ. கையால அமத்தக் கூடாது. நைலோன் புளோற் எண்டால் புளோற்றுக்கும் மூடிக்கும் இடையில 1/8 அங்குல ட்றில் பிற் ஒண்டு உரசிக்கொண்டு போக வேணும், அதாவது 3.2 மில்லிமீற்றர். 3/16 வரைக்கும் பரவாயில்லை. இடைவெளி அதிலும் குறைவெண்டால் சேம்பரில மட்டம் கூட நிக்கும். இரும்புக் கை உள்ள புளோற் எண்டால் கையை மெல்லமா வளைக்கலாம். முழுக்கப் பிளாஸ்ரிக் எண்டால் வளைச்சால் முறியும், சீற்றுக்குக் கீழ மெல்லிய வொஷர் ஒண்டு கூட்டிப் போட்டால் மட்டம் இறங்கும்.

கார் பொருளாதாரத் தடைக் காலத்தில இங்க ஓடினதோ? அப்ப பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்யில ஓடின கார்கள் கனக்க. அந்த நேரம் மண்ணெண்ணெய்க்கு எண்டு ஊசியைத் தேய்ச்சிருந்தால் பெற்றோலுக்கு அது சரிவராது. ஊசியைக் கழட்டி வெளிச்சத்தில சுழட்டிப் பாருங்கோ. நல்ல ஊசி ஒரே சீராக் கூம்பும், தேய்ச்ச ஊசியில ஒரு பக்கம் தட்டையா மினுங்கும். தடிச்ச பக்கத்தில எழுத்து அடிச்சிருக்கும், 1098க்கு கொம்பனி போட்டது ஏ.என். திரும்பப் பூட்டேக்க ஊசியின்ர தோள், பிஸ்ரனின்ர அடித்தளத்தோட மட்டமா இருக்க வேணும். மேல ஏத்திப் பூட்டினாலே பெற்றோல் கூடிப்போகும்.

கேள்வி கேட்டவர்

ரெகுலேற்றர் போட்டாச்சு. இடைவெளி 1 மில்லிமீற்றர்தான் இருந்தது, இப்ப 3.2. ஊசி ஏ.என்.தான், தேய்க்கேல்லை. கறுப்புப் புகை நிண்டுட்டுது, பம் சத்தமும் அடங்குது. ஆனால் நட்டை எங்க வைச்சாலும் ஐட்லிங் ஏறி இறங்குது. ஐட்லிங்குக்கு ஏத்த மாதிரி நட்டை இறக்கினால் ஓட்டத்தில திரும்பவும் பிளக் கறுக்குது.

பதில் (வவுனியா)

இது வேற வருத்தம். திறொட்டில் தண்டு (காத்து வழியைத் திறந்து மூடுற தட்டைத் திருப்புற தண்டு) தேய்ஞ்சு, ரெண்டு பக்கத்தாலயும் காத்து இழுக்குது. ஐட்லிங்கில எஞ்சின் எடுக்கிற காத்தே கொஞ்சம், அதில கள்ளக் காத்தும் சேர்ந்தால் பெற்றோல் காணாது. அதுக்காக நட்டை இறக்கினால், ஓட்டத்தில திறொட்டில் திறந்து கள்ளக் காத்தின்ர பங்கு ஒண்டுமில்லாமல் போற நேரம் பெற்றோல் மட்டும் கூடவே வரும். உங்கட காரில முந்தி ஆரும் நட்டை இறக்கி விட்டிருந்தால் அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்.

தண்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டிப் பாருங்கோ, கையிலயே தெரியும். ஐட்லிங்கில விட்டு, தண்டு வெளிய வாற ரெண்டு இடத்திலயும், மனிபோல்ட் காஸ்கெற் ஓரத்திலயும் மெல்லிசாத் தண்ணி ஸ்பிறே அடியுங்கோ. பெற்றோல் அடிச்சுப் பார்க்கிறவை இருக்கினம், சூட்டு எக்ஸோஸ்ற்றுக்கு மேல அந்த வேலை வேண்டாம். சத்தம் மாறின இடம்தான் ஓட்டை.

தண்டு மட்டும் புதுசு போட்டுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் காபரேட்டர் உடம்பில தண்டு போற துளையும் தேய்ஞ்சிட்டுது, லேத் கடையில பித்தளை புஷ் போட வேணும். ரெண்டு துளையையும் ஒரே பிடியில வைச்சுக் கடையச் சொல்லுங்கோ, கோணலாப் போனால் தண்டு இறுகும். தட்டைப் பூட்டுற ரெண்டு குட்டி ஸ்குறூவும் புதுசாப் போட்டு, நுனியை விரிச்சு விட மறக்கக் கூடாது. கழண்டால் நேரா எஞ்சினுக்குள்ளதான் போகும். தண்டு, ஸ்குறூ, காஸ்கெற் செற் கொழும்பு பஞ்சிகாவத்தையில கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

சரி அண்ணை, தண்டு ஆடுது, லேத்துக்குக் குடுக்கிறன். திரும்பப் பூட்டினதும் என்ன அளவில இருந்து தொடங்கிறது?

பதில் (மன்னார்)

முதல், பிஸ்ரன் மேடையில விழேக்க "டக்" எண்டு இரும்புச் சத்தம் கேக்க வேணும். கேக்காட்டி ஊசி ஜெட்டில உரசுது, ஜெட்டின்ர லொக் நட்டைத் தளர்த்தி, பிஸ்ரனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு திரும்ப இறுக்குங்கோ. டாஷ்பொட்டில (பிஸ்ரனுக்கு மேல ஒயில் விடுற இடம்) 20 நம்பர் ஒயில். மேல் மூடியைச் செருகேக்க கடைசி 6 மில்லிமீற்றரில கைக்குப் பாரம் தட்டுப்பட்டால் அளவு சரி.

ஜெட்டை மேடை மட்டத்துக்கு ஏத்தி, நட்டை ரெண்டு முழுச் சுத்து கீழ இறக்குங்கோ. நட்டில ஆறு பக்கம், அப்ப பன்ரெண்டு பக்கம். ஒரு சுத்து ஓடிச் சூடாக்கிப்போட்டு, பக்கத்தில இருக்கிற பின்னை அமத்தி பிஸ்ரனை 0.8 மில்லிமீற்றர் மட்டும் தூக்குங்கோ. வேகம் கூடி அப்படியே நிண்டால் பெற்றோல் கூட, நட்டை ஒரு பக்கம் ஏத்துங்கோ. விழுந்து நிண்டுபோனால் குறைய, ஒரு பக்கம் இறக்குங்கோ. சாடையாக் கூடிப்போட்டு உடன பழைய நிலைக்கு வந்தால் அதுதான் அளவு. எயார் பில்டரைப் பூட்டித்தான் பார்க்க வேணும், அடைச்ச பில்டர் இருந்தாலும் பெற்றோல் கூடத்தான் இழுக்கும்.

பிளக் நிறத்தை வீட்டு வாசலில பார்க்காதேங்கோ, ஐட்லிங்கில கன நேரம் விட்டால் எந்தப் பிளக்கும் கறுக்கும். ஏ9 ஆல முறிகண்டிக்கு ஒரே வேகத்தில போங்கோ. கோயிலடி வர முதல் கிளச்சை அமத்தி, சாவியை ஓவ் பண்ணி உருள விட்டு நிப்பாட்டுங்கோ. உங்கட காரில ஸ்ரியரிங் லொக் இருந்தால் சாவியை இழுத்து எடுக்க வேண்டாம், லொக் விழுந்திடும். எல்லாரும் நிக்கிற இடம்தானே, அங்கயே சூடு ஆற விட்டுக் கழட்டிப் பாருங்கோ. இளம் கபிலம் எண்டால் சரி.

பதில் (வவுனியா)

லேத்தால வந்ததும் ஒயிலையும் மாத்துங்கோ, உந்த ஓட்டத்துக்கு முதலே. இவ்வளவு நாளும் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால இறங்கி ஒயிலோட கலந்திருக்கும். டிப்ஸ்ரிக்கை மணந்து பாருங்கோ, மட்டமும் கூடி நிக்கும். 20டபிள்யூ-50, பில்டரோட 3.7 லீற்றர் பிடிக்கும்.